கீரிமலைப் பூச்சிகளும் இனங்காணும் முறையும்

உலகத்து உயிர்களுள் எண்ணிக்கையாலும் வகையாலும் மிக்கன பூச்சிகளே. அறிஞர் இதுவரை விவரித்துப் பெயரிட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழப் பத்து இலட்சமாகும். அவற்றுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை வண்டுகள். பெயர் பெறாது எஞ்சி நிற்பன இவற்றினும் பல மடங்கு என்பர். இத்துணைப் பெருந்தொகுதியுள், நம் வீட்டு வேலியில் வந்தமர்ந்த சிறு பூச்சி ஒன்றைச் சுட்டி, 'இஃது இன்னது' எனத் துணிந்து கூறுதல் எங்ஙனம் இயலும்? அவ்வாறு கூறுவதனால் விளையும் பயன் யாது? பிழைபடக் கூறின் வரும் கேடு யாது? இம்மூன்று வினாக்களையும் எடுத்துக்கொண்டு, கீரிமலைக் கரையிற் கண்ட சில பூச்சிகளைச் சான்றாகக் காட்டி விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் விலங்கியல் கற்றவனல்லேன். தமிழும் வரலாறும் பாடங்களாகக் கொண்டு, ஆசிரியப் பணியில் இருந்தவாறே வெளிவாரியாகப் பயின்று கலைமாணிப் பட்டம் பெற்றவன். மாணவர் வினாவிய வினாக்களுக்கு விடை தெரியாது நாணிய நாணமே என்னை இத்துறையிற் புகுத்திற்று. ஆகவே இங்குக் கூறப்படுவன ஆய்வறிஞர்க்குப் புதியன அல்ல. என்னைப்போல் வேறு துறை கற்று, வெளியிற் சென்று கண்ணாற் கண்டதை அறிய விழைவார்க்கு இவை பயன்படுமென நம்புகின்றேன்.

பெயர்களின் மயக்கம்

உயிர்களை வகைப்படுத்தும் விருப்பம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்தார். அங்கே சிதலும் எறும்பும் மூவறிவுயிராகவும், தும்பியும் நண்டும் நான்கறிவுயிராகவும் அடைவு பெறுகின்றன. சிதல் என்பது கறையான். புலன்களைக் கொண்டு உயிர்களை அளந்த அம்முறை, உற்றுநோக்கிய அறிவின் விளைவேயாம்.

எனினும் வழக்கிலுள்ள பெயர்கள் இனங்காணலுக்குப் போதியன அல்ல. தும்பி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கியங்களில் அது பூவில் தேனுண்ணும் வண்டினத்தைச் சுட்டியது. இற்றைநாட் பிள்ளைகள் தும்பி என்பது நீர்நிலையருகே கண்ணாடிச் சிறகு விரித்துப் பறக்கும் நீண்டவுடற் பூச்சியையே. வண்டு என்னும் சொல்லோ ஓட்டுச்சிறகுடைய கருவண்டையும், கூரைமரத்தைத் துளைக்கும் தேனீயினத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. பூச்சி என்னும் பொதுப்பெயர் சிலந்தியையும் பூரானையும்கூட விட்டுவைப்பதில்லை.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எல்லா மொழிகளின் ஊர்ப்பெயர்களும் இத்தன்மையனவே. ஆதலினன்றோ சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு ஒவ்வோர் இனத்துக்கும் இருசொற்பெயர் ஒன்றை வகுத்தார். 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூலின் பத்தாம் பதிப்பே விலங்குப் பெயர்களுக்கெல்லாம் தொடக்க எல்லையாக இன்றும் கொள்ளப்படுகின்றது. முதற்சொல் குடிப்பெயர் போன்றது. இரண்டாஞ்சொல் ஒருவனுக்கு இடும் பெயர் போன்றது. கீரிமலையிலும் கேப்டவுனிலும் அப்பெயர் ஒன்றே.

உறுப்பை எண்ணுதல்

பூச்சியைக் கண்டதும் நிறத்தைப் பார்ப்பது நம் இயல்பு. இனங்காண்பவன் முதலிற் செய்யவேண்டியது நிறத்தைப் பார்ப்பதன்று, உறுப்பை எண்ணுவதாகும். கால்கள் ஆறாயின் அது பூச்சி. எட்டாயின் சிலந்தியோ தேளோ உண்ணியோ ஆகும். தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று பகுப்பும் தலையில் ஓரிணை உணர்கொம்பும் பூச்சிக்கு உரியன.

அடுத்து எண்ணத்தக்கன சிறகுகள். இலையானுக்கும் நுளம்புக்கும் சிறகு இரண்டே. பின்சிறகுகள் இருந்த இடத்திற் குமிழ்முனையுடைய இரு சிறு காம்புகள் நின்று, பறக்கும்போது உடலை நிலைநிறுத்த உதவுகின்றன. தேனீக்கும் குளவிக்கும் சிறகு நான்கு. துளசிப் பூவில் மொய்ப்பனவற்றை உற்றுநோக்கின், மஞ்சளும் கறுப்புமாகத் தேனீபோல் வேடம் பூண்ட இலையான்கள் சிலவும் அங்கே இருக்கும். சிறகை எண்ணினால் அவற்றின் வேடம் கலையும். உணர்கொம்பு குறுகியும் கண்கள் தலையின் பெரும்பகுதியைக் கவர்ந்தும் நிற்பதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

வண்டின் முன்சிறகுகள் ஓடுபோல் இறுகி, முதுகின் நடுவே நேர்கோட்டில் ஒன்றையொன்று தொட்டுப் பின்சிறகுகளை மூடிநிற்கும். உறைபோன்ற சிறகுடையன என்று பொருள்படும் பெயரை அவற்றுக்குக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே வழங்கினார். நெற்பயிரிலும் காய்கறித் தோட்டத்திலும் காணப்படும் நாற்றப்பூச்சிகளை வண்டென மயங்குவார் பலர். அவற்றின் முன்சிறகில் அடிப்பாதி தடித்தும் நுனிப்பாதி மென்றகடாயும் இருக்கும். முதுகில் முக்கோணத் தகடொன்று தெளிவாய்த் தோன்றும். புரட்டிப் பார்த்தால் வண்டுக்குக் கடிக்கும் தாடையும், நாற்றப்பூச்சிக்கு உறிஞ்சும் ஊசிவாயும் இருப்பதைக் காணலாம். வாயை அறிந்தால் அது பயிருக்குச் செய்யும் கேட்டின் வகையையும் அறிந்தவராவோம்.

வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிரித்தறிய உணர்கொம்பின் நுனியை நோக்குக. முன்னதற்கு நுனி தடித்துக் குண்டாந்தடிபோல் இருக்கும். பின்னதற்குப் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ அமையும். பகலிற் பறப்பதெல்லாம் வண்ணத்துப்பூச்சி என்பதும், நிறமங்கியதெல்லாம் அந்து என்பதும் பிழை.

இவ்வளவில் ஒரு பூச்சி எவ்வரிசையைச் சேர்ந்தது என்பது துணியப்படும். அதற்கு மேற் சென்று இன்ன இனம் எனத் துணிதலே அரிது. அவ்வருமையை யான் அறிந்தது ஒரு தவற்றினால்.

எருக்கலையடியில் நேர்ந்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, மாணவர் சிலரைக் கீரிமலைக்கு அழைத்துச் சென்றேன். நகுலேசுவரப் பெருமானின் திருக்கோயிலும், கடலுக்கு அணித்தே நன்னீர் சுரக்கும் கேணியும், ஆடியமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்ற வருவாரும் இவ்வூருக்குப் பெருமை தருவன. இயற்கையை நோக்குவார்க்கோ அங்குள்ள சுண்ணக்கல் வெளியும் அதன்மேல் வளரும் செடிகளும் பெருமை தருவன. எருக்கலையும் நாயுண்ணியும் அடம்பங்கொடியும் அங்கே தழைக்கின்றன. மழை பெய்தபின் தடித்த இலைகளையுடைய பசளியினம் ஒன்று தரையோடு படர்கின்றது. தமிழகத்தார் அதனைப் பருப்புக்கீரை என்பர்.

எருக்கலைப் பற்றையொன்றின் அருகே, செம்பழுப்புச் சிறகும் கரிய நுனியும் அந்நுனியில் வெண்பட்டையும் உடைய வண்ணத்துப்பூச்சியொன்று தாழப் பறந்தது. "இஃது எருக்கலை வண்ணத்துப்பூச்சி, எருக்கலையிற் பிறந்து அதன் பாலிலுள்ள நஞ்சை உடலிற் சேர்த்து வைப்பதால் பறவைகள் இதனைத் தீண்டா" என்று விளக்கினேன். மாணவனொருவன், "சேர், இது எருக்கலையில் இருக்கவில்லையே, கீழே பசளியிலல்லவா முட்டை இடுகிறது" என்றான். "தம்பி, களைப்பாற அமர்ந்திருக்கும்" என்று கூறி அப்பாற் சென்றேன்.

திங்கட்கிழமை அம்மாணவன் தன் தமையனின் கைபேசியில் எடுத்த படங்களைக் கொணர்ந்து காட்டினான். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் முகம் வாடிற்று. யான் பெயர் கூறியது ஒன்று; அங்கே பறந்தது வேறொன்று.

எருக்கலையில் வளரும் உண்மையான பூச்சியின் பெயர் தனாயசு கிறிசிப்பசு. அதன் பின்சிறகின் நடுப்பகுதியில் ஆணுக்கு நான்கும் பெண்ணுக்கு மூன்றுமாகக் கரும்புள்ளிகள் உண்டு. தலையும் மார்பும் கருமை வாய்ந்து, வெண்புள்ளிகள் தூவப்பட்டிருக்கும். மாணவன் காட்டிய பூச்சிக்கோ பின்சிறகின் முன்விளிம்பருகே ஒரே கரும்புள்ளிதான் இருந்தது. அது இப்போலிம்னாசு மிசிப்பசு என்னும் இனத்தின் பெண். அதன் புழு உண்பது எருக்கலையை அன்று; மாணவன் கண்ட அந்தப் பசளியையே. நஞ்சற்ற இப்பெண், நஞ்சுள்ள பிறிதோர் இனத்தின் உடையைப் பூண்டு பறவைகளிடமிருந்து உயிர் தப்புகின்றது. இதன் ஆணைக் கண்டவர் இரண்டும் ஓரினம் என நம்பார். ஆண் கரிய நிறத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சிறகில் இரண்டும் பின்சிறகில் ஒன்றுமாக, ஊதாநீல ஒளி சூழ்ந்த வெண்பொட்டுக்களை உடையது.

பறவையை ஏமாற்ற அமைந்த வேடம் ஆசிரியனையும் ஏமாற்றிற்று. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. நாணத்தக்கது வேறு. மாணவன் செடியைக் கண்டு கூறினான். அச்சான்றை யான் ஏற்காது தள்ளினேன். பெயரை முன்னே முடிவுசெய்துகொண்டு சான்றைப் பின்னே வளைத்தேன். மறுநாள் வகுப்பறையில் என் பிழையை எடுத்துக் கூறி, இரு பூச்சிகளின் படங்களையும் கரும்பலகையில் வரைந்து வேறுபாட்டை விளக்கினேன். அன்று முதல் எம் குறிப்பேட்டில் 'எச்செடியில் என்ன செய்தது' என்றொரு நிரல் சேர்க்கப்பட்டது.

திரைமென் உடன்பிறந்தார்

யான் செய்த பிழையை ஒத்த பிழைகளைப் பெரும் அறிஞரும் செய்துள்ளனர். அப்பிழை திருத்தப்பட்ட வரலாறு தென்னாபிரிக்காவையும் இலங்கையையும் ஒரு குடும்பத்தால் இணைக்கின்றது.

என்றி திரைமென் என்பவர் 1880-ஆம் ஆண்டு முதற் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராய் இருந்து, இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொடங்கியவர். அவருடைய தமையனார் ரோலன்ட் திரைமென் கேப்டவுனிலிருந்த தென்னாபிரிக்க அரும்பொருட்சாலையின் பொறுப்பாளராய்ப் பல்லாண்டு பணிபுரிந்து, தென்னாபிரிக்க வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர். தம்பி செடிகளை ஆராய்ந்தார். தமையன் அவற்றில் வாழும் பூச்சிகளை ஆராய்ந்தார்.

ஆபிரிக்கக் காடுகளில் மஞ்சள் வெண்மைச் சிறகும் வாலும் உடைய பெரிய வண்ணத்துப்பூச்சியொன்று உண்டு. அதன் பெயர் பப்பிலியோ தார்தானசு. அவ்வினத்தின் ஆண்களை எல்லாரும் அறிவர். பெண்களைக் கண்டார் இலர்போல் தோன்றிற்று. உண்மையில், பெண்கள் பல வடிவினவாய், வாலின்றி, நஞ்சுள்ள வேறு வேறு இனங்களின் நிறங்களைப் பூண்டு பறந்தன. அறிஞர் அவ்வடிவங்களைத் தனித்தனி இனங்களாகக் கொண்டு பெயரிட்டிருந்தனர். ரோலன்ட் திரைமென் சிறகு நரம்புகளையும் உடலமைப்பையும் வாழிடங்களையும் ஒப்புநோக்கி, அவை யாவும் ஓரினத்தின் பெண்களே என 1869-இல் வெளியான கட்டுரையொன்றிற் காட்டினார். நம்பமுடியாத கற்பனை எனச் சிலர் அதனை எள்ளினர். பின்வந்தோர் ஒரு தாயின் முட்டைகளைப் பொரிப்பித்து வளர்த்து, பலவடிவ மகளிர் அத்தாய்க்குப் பிறத்தலைக் கண்டு, அவர் கூற்று மெய்யென உறுதிப்படுத்தினர்.

யான் மயங்கிய இரு வண்ணத்துப்பூச்சிகளும் தென்னாபிரிக்காவிலும் உள்ளன. அங்கும் பெண் மிசிப்பசு அதே உடையைப் பூண்டு கண்டாரை ஏமாற்றுகின்றது. கடல் பல கடந்த அந்நாட்டில் ஒருவர் பின்சிறகின் புள்ளிகளை எண்ணுவதும், கீரிமலையில் நாம் எண்ணுவதும் ஒரே எண்ணிக்கையே.

நம் நாட்டிலும் இத்துறையில் அரும்பணி நடந்துள்ளது. பிரெடெரிக் மூர் என்பார் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துக்களையும் பற்றி எழுதிய மூன்று தொகுதிகள் 1880 முதல் 1887 வரை இலண்டனில் வெளிவந்தன. அந்நூலின் சிறப்பு அதன் ஓவியங்களில் உளது. அவற்றுக்கு மூலப்படங்கள் வரைந்தோர் பேராதனைப் பூங்காவின் ஓவியராயிருந்த ஆர்மானிசு த அல்விசின் மைந்தர்களாவர். அவர்கள் சிறகை மட்டும் வரையவில்லை. புழுவையும் கூட்டுப்புழுவையும் அவை வாழ்ந்த செடியையும் சேர்த்து வரைந்தனர். என் மாணவன் கண்ட உண்மையை நூற்றாண்டுக்கு முன்னரே அவர்கள் தூரிகையாற் போற்றியிருந்தனர்.

பெயர் பிழைப்பின் மரம் பிழையாது

வண்ணத்துப்பூச்சியின் பெயரைப் பிழைபடக் கூறினால் நாணம் ஒன்றே மிஞ்சும். வேறு சில பூச்சிகளின் பெயரைப் பிழைபடக் கூறினால் பொருள் அழியும். பனையும் தென்னையுமே செல்வமாகவுடைய நம் குடாநாட்டார் இதனை நன்கு அறிதல் வேண்டும்.

தென்னையின் குருத்து அழிந்ததும், 'வண்டு அடித்துவிட்டது' என்பர். எவ்வண்டு? காண்டாமிருக வண்டு கருமை வாய்ந்தது. நான்கு சதமமீற்றர் அளவினது. தலையில் ஒரு கொம்புடையது. மரத்தைத் தாக்குவது வளர்ந்த வண்டு, அதன் புழுவன்று. விரியாத குருத்தை அது துளைத்துச் செல்வதால், ஓலை பின்னர் விரியும்போது விசிறியைக் கத்தரித்தாற்போல் முக்கோண வெட்டுக்கள் தோன்றும். அதன் புழு வளர்வது எருக்கும்பியிலும் உக்கிய மரக்குற்றியிலும் ஆகும். ஆகவே, வளவைத் துப்புரவாக்கி எருக்கும்பியைக் கிளறிப் புழுவை அழித்தலும், குருத்திலுள்ள வண்டைக் கொளுவிக் கம்பியால் எடுத்தலும் தக்க பரிகாரங்களாம்.

செங்கூன்வண்டு முற்றும் வேறானது. செம்பழுப்பு நிறமும், யானைத் துதிக்கைபோல் முன்னீண்ட மூக்கும் அதன் அடையாளங்கள். இங்கே மரத்தைக் கொல்வது புழு. தண்டினுள்ளே வாழ்ந்து சோற்றைத் தின்னும் அதனை வெளியே காணமுடியாது. தண்டிலுள்ள துளையிற் பழுப்புநீர் கசிவதும், சக்கை வெளிப்படுவதும், காதை வைத்துக் கேட்டால் உள்ளே அரிக்கும் ஒலி எழுவதுமே அறிகுறிகள். மரத்திற் காயம் உண்டாயின் அந்த மணத்தை நாடிக் கூன்வண்டு வந்து முட்டையிடும். காண்டாமிருக வண்டு துளைத்த காயமும் அதற்கு வாயிலாகும். இதற்கு எருக்கும்பியைக் கிளறிப் பயனில்லை. தண்டிற் காயம் ஏற்படாது காத்தலும், தப்பாதெனக் கண்ட மரத்தைத் தறித்துப் புழுக்களோடு அழித்தலுமே அயல்மரங்களைக் காக்கும் வழி.

இரண்டையும் 'வண்டு' என்னும் ஒரு சொல்லுள் அடக்குபவன், ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு இட்டு, மரத்தையும் பொருளையும் இழப்பான். பெயர் பிழைப்பின் மரம் பிழையாது.

கிணற்றடிக்கு வந்த புது நுளம்பு

மரத்தினும் உயிர் பெரிது. இலங்கையிலே உள்நாட்டிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் 2012-ஆம் ஆண்டு ஒற்றோபரோடு நின்றது. 2016 செத்தெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டு திசெம்பரில் மன்னாரில் ஒரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் அனோபிலிசு தீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. இலங்கையில் அதற்குமுன் பதிவாகாதது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது காணப்பட்டது.

நம் நாட்டில் முன்னர் மலேரியாவைப் பெரிதும் பரப்பிய நுளம்பு, வற்றும் ஆற்றுப்படுகைகளில் தேங்கிய நீரிற் பெருகுவது. புதிதாய் வந்ததோ கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் நீர்த்தாங்கியிலும் பெருகவல்லது. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் வீடுதோறும் கிணறு உண்டு. ஆகவே இவ்விரு நுளம்புகளுள் எது என்பதை அறிதல், எவ்விடத்தைக் காவல் செய்வது என்பதை அறிதலாகும். புறத்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த இவற்றை, உறிஞ்சுகுழலின் இருமருங்கும் உள்ள பரிசவுறுப்புக்களின் வெண்வளையங்களையும் சிறகின் புள்ளிகளையும் உருப்பெருக்கியால் நோக்கியும், மரபணுக்கூற்றை ஒப்பிட்டும் ஆய்வாளர் துணிகின்றனர்.

இப்பணியின் அருமையை அறிய வேண்டுவோர் ஆபிரிக்காவின் கிழக்குக் கொம்பை நோக்குக. சிபூத்தி என்னும் சிறு நாட்டில் இதே நுளம்பு 2012-இற் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் அங்கே பதிவான மலேரியா நோயாளர் முப்பதின்மருக்குங் குறைவானோர். 2020-ஆம் ஆண்டிற் பதிவான நோயாளர் தொகை 70,000-ஐக் கடந்துவிட்டது.

நம்மனோர் நுளம்பின் இனத்தைத் துணிய வல்லுநர் ஆகவேண்டுவதில்லை. எனினும் தொட்டியில் நெளியும் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாய்க் கிடப்பின் அது அனோபிலிசு வகை என்றும், தலைகீழாய்ச் சாய்ந்து தொங்கின் பிறவகை என்றும் ஒரு பள்ளிச்சிறுவனும் கூறலாம். கூறி, உரிய சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம்.

இடமும் நாளும்

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். இனங்காணல் என்பது பெயர் சொல்லுதல் அன்று, சான்றோடு சொல்லுதல். வழக்கு மன்றத்தில் நிற்பவன் 'யான் அறிவேன்' என்றால் ஏற்கப்படுமா? எங்கே, எப்போது, எவ்வாறு கண்டாய் என்று வினவப்படும். பூச்சியைக் கண்டவனும் அவ்வாறே வினவப்படத்தக்கவன்.

ஆகவே குறிப்பேட்டில் ஐந்து செய்திகள் தவறாது எழுதப்படல் வேண்டும்: கண்ட இடம், நாள் நேரம், இருந்த செடி, செய்த செயல், துணிவுக்குக் காரணமான அடையாளம். படம் எடுப்பின் மேலிருந்து ஒன்றும், பக்கத்திலிருந்து ஒன்றும், முகத்தை நோக்கி ஒன்றும் எடுத்தல் நன்று. அளவு புலப்பட அருகே ஓர் அளவுகோலை வைக்கலாம். சட்டத்தாற் காக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளும் உளவாதலின் பிடித்துக் குத்திவைத்தல் மாணவர்க்கு வேண்டா.

நாளைக் குறித்தலின் பயனுக்கு ஒரு சான்று. மழைக்காலம் தொடங்கும்போது மைதானத்தின்மேல் பொன்மஞ்சள் நிறத் தும்பிகள் கூட்டங்கூட்டமாய் வட்டமிடுவதை நாம் எல்லாரும் கண்டுள்ளோம். அகன்ற பின்சிறகுடைய அத்தும்பியின் பெயர் பந்தாலா பிளாவெசென்சு. மாலைதீவில் வாழ்ந்த சாள்சு அன்டர்சன் என்னும் உயிரியலார், நன்னீர் அரிதாகிய அத்தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஒற்றோபர் அளவில் இத்தும்பிகள் பெருந்தொகையாய் வருவதைப் பல ஆண்டுகள் நாளிட்டுக் குறித்துவந்தார். அக்குறிப்புக்களைக் கொண்டு, இவை இந்தியாவினின்றும் காற்றின் துணையால் மாக்கடலைக் கடந்து ஆபிரிக்காவுக்குச் செல்கின்றன என 2009-இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். நாளும் இடமும் எழுதிய எளிய குறிப்பேடே அவருக்குக் கருவியாயிற்று.

இன்னுமொன்று. துணிய இயலாதவிடத்து நிறுத்திக்கொள்ளுதல் அறிவுடைமை. 'குளவி, இனம் துணியப்படவில்லை' என்றெழுதுவது இழிவன்று. பொய்ப்பெயர் ஒன்றை எழுதுவதே இழிவு. ஏனெனிற் பின்வருவோர் அதனை மெய்யெனக் கொள்வர்.

தந்தையாரின் பொன்வண்டு

எமது குடும்பம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990-ஆம் ஆண்டு எம்மூரார் இடம்பெயர்ந்தபோது யான் சிறுவன். 2009-இற் போர் முடிந்தபின் அப்பகுதி நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றோர் முதலிற் கண்டது வீட்டை அன்று, பற்றையை. கிணறும் எல்லைவேலியும் தேடிக் காணவேண்டியவாயின. அந்நிலையிற் பூச்சிகளைப் பற்றிக் கவலையுறுவார் யார்? எனினும், அங்கே முன்பு வாழ்ந்த உயிர்கள் எவை, இன்று உள்ளன எவை, புதிதாய் வந்தன எவை என்ற வினா என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை கூறும் பழைய குறிப்பேடு எதுவும் எம்மூராரிடம் இல்லை. இருப்பது முதியோரின் நினைவு ஒன்றே.

என் தந்தையார் தம் இளமையிற் கீரிமலைக் கரையிற் பொன்வண்டு பிடித்து நெருப்புப்பெட்டியில் வைத்து விளையாடியதை அடிக்கடி கூறுவார். பொன்வண்டென்றால், பச்சையும் பொன்னுமாய் மின்னும் நீண்ட ஓட்டுச்சிறகுடைய பெரிய வண்டையே யான் எண்ணியிருந்தேன். பல முறை தேடியும் கரையில் அதனைக் கண்டேனல்லேன். 'அழிந்தது போலும்' என்று என் குறிப்பேட்டில் எழுதவும் தலைப்பட்டேன். எழுதுமுன், எருக்கலையடியிற் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. தந்தையாரிடம் சென்று, "அப்பா, அது எந்தச் செடியில் இருந்தது?" என்று வினவினேன். "வேறெதில்? அடம்பங்கொடியில்தான்" என்றார். "எவ்வளவு பெரிது?" "சுண்டுவிரல் நகமளவு இருக்கும்." "செத்தபின் என்ன செய்வீர்கள்?" "செத்தால் யார் வைத்திருப்பார்? பொன்னெல்லாம் போய் மண்ணிறம் ஆகிவிடுமே!"

இம்மூன்று விடைகளும் யான் எண்ணிய வண்டை விலக்கிவிட்டன. பெரிய பொன்வண்டு செத்தபின்னும் தன் ஒளியை இழப்பதில்லை. அதனாலன்றோ அதன் சிறகுகளை ஆடையில் வைத்துத் தைத்தனர். அடம்பு முதலிய கொடிகளின் இலையைத் தின்று, ஆமைபோல் விளிம்பகன்ற ஓட்டின்கீழ்த் தலையை மறைத்து வாழும் சிறுவண்டினம் ஒன்று உண்டு. அதன் ஓட்டினுள்ளே ஈரமுள்ள மென்படைகள் ஒளியைத் திருப்புவதாற் பொன்னிறம் தோன்றும். உயிர் நீங்கி ஈரம் உலர்ந்ததும் அப்பொன் மறையும். தந்தையார் பிடித்தது இவ்வாமைவண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு கரைக்குச் சென்றேன். கண்பார்வை குன்றிய அவர் கைக்கோலால் அடம்பிலைகளை விலக்கிக் காட்ட, வட்டத் துளைகள் விழுந்த இலையொன்றின்கீழ் அது இருந்தது. குறிப்பேட்டில் இடமும் நாளும் செடியும் எழுதினேன். 'ஆமைவண்டுக் குடும்பம், இனம் துணியப்படவில்லை' என்று நிறுத்தினேன். கண்டவர் பெயர் என்ற நிரலில் தந்தையாரின் பெயரை எழுதினேன்.

அழிந்ததென எழுதவிருந்த ஒன்று உயிரோடிருந்தது. யான் காணவில்லை என்பது ஒன்று. அது இல்லை என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய நமக்கு வேண்டியன குறிப்பேடுகள்.

ஆகவே ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு வேலியையோ ஒரு குளக்கரையையோ தேர்ந்து, ஓராண்டுக் காலம் அங்குக் கண்ட பூச்சிகளை மேற்கூறிய ஐந்து செய்திகளோடு எழுதிவைப்பாராக. முதியோர் உள்ளபோதே அவர்களை வினவி, அவர்தம் நினைவைச் சான்றாக மாற்றுவாராக. வெளிநாடுகளில் வாழ்வோர் தம் இளமையிற் கண்டவற்றை எழுதியனுப்புவாராக. நாற்பது ஆண்டின்பின் கீரிமலைக் கரையில் நின்று, 'இங்கே முன்னர் என்ன இருந்தது?' என்று ஒரு சிறுவன் வினவும்போது, அவன் ஆசிரியர் எடுத்துக் காட்ட ஓர் ஏடேனும் இருத்தல் வேண்டும் என்பது என் அவா.